முதுகில் மூடாத கட்டியோடு குழந்தை பிறந்தால்: முதல் மணி நேரத்திலிருந்து பள்ளிக்கூடம் வரை

குழந்தையை மல்லாக்கப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம். இடுப்புக்குச் சற்று மேலே தோல் மூடாமல், சிவந்த சதை மாதிரியோ நீர் நிரம்பிய பை மாதிரியோ ஒன்றோடு குழந்தை பிறந்திருக்கிறது என்றால், இந்த நிமிடம் மூன்றே வேலைதான்: அதன் மேல் எடை விழக்கூடாது, அது காயக்கூடாது, மலமும் சிறுநீரும் அதில் படக்கூடாது. குப்புறவோ ஒருக்களித்தோ படுக்க வைத்து, மூக்கு அமுங்காமல் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சலைனில் நனைத்த, ஒட்டாத ஸ்டெரைல் (கிருமி நீக்கிய) துணியை அந்த இடத்தின் மேல் வைத்து, அதற்கு மேலே சுத்தமான மெல்லிய பிளாஸ்டிக் உறையைச் சுற்றச் சொல்லுங்கள். ஈரமும் போகாது, உடம்புச் சூடும் இறங்காது. அயோடின், டெட்டால், மஞ்சள் பற்று, விபூதி, எதுவும் வேண்டாம். திறந்து கிடப்பது தோல் இல்லை, தண்டுவடம். அந்த மருந்துகள் நரம்பைச் சுட்டுவிடும்.

என் மகள் பிறந்த இடத்தில் நல்ல மனசோடுதான் உலர்ந்த பஞ்சை வைத்துப் பிளாஸ்திரி போட்டு அனுப்பினார்கள். நாலு மணி நேரப் பயணத்தில் அது காய்ந்து ஒட்டிக்கொண்டது. போய்ச் சேர்ந்த ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், அரை மணி நேரம் சொட்டுச் சொட்டாகச் சலைன் விட்டு, இழை இழையாக அதை எடுத்தார். ஒன்பது வருஷம் ஆகிவிட்டது, அவர் குனிந்து நின்ற விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் முதல் பத்தியிலேயே துணியைப் பற்றிச் சொன்னேன்.

சரி, இது என்ன? கருவின் ஆரம்பத்தில் தண்டுவடம் ஒரு தட்டையான தகடாகத்தான் இருக்கும். இலையின் இரண்டு ஓரமும் எழும்பி நடுவில் சேர்ந்துகொள்வது போல அது சுருண்டு குழாயாகிறது. கரு உண்டாகி 28 நாளுக்குள் இந்த வேலை முடிந்துவிடும், அதாவது மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆவதற்குள். எங்காவது ஓர் இடத்தில் ஓரங்கள் சேராமல் போனால் அங்கே எலும்பும் தோலும் மூட வழியில்லாமல் தண்டுவடம் வெளியே தெரியும். இதற்குப் பொதுப்பெயர் ஸ்பைனா பைஃபிடா. நரம்பும் சேர்ந்து வெளியே வந்திருந்தால் மைலோமெனிங்கோசீல். பைக்குள் நீரும் சவ்வும் மட்டும் இருந்து நரம்பு உள்ளேயே இருந்தால் மெனிங்கோசீல், இது பெரும்பாலும் லேசானது. தோல் மூடியே இருந்து உள்ளுக்குள் கோளாறு இருக்கும் வகையும் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் நகர முடியாது. கிரகணத்தன்று வெளியே வந்தாளா, கத்தி எடுத்து நறுக்கினாளா, அந்தப் பக்கத்துச் சொந்தத்தில் யாருக்காவது இருந்ததா என்று பச்சை உடம்புக்காரியைச் சுற்றி உட்கார்ந்து விசாரணை நடக்கும். நடக்க விடாதீர்கள். மரபணுக்கள் சில, ஃபோலிக் அமிலம் போதாமை, கட்டுப்படாத சர்க்கரை நோய், வலிப்புக்குச் சாப்பிடும் வால்ப்ரோயேட் மாத்திரை, இப்படிப் பல கூடித்தான் இது வருகிறது. பல குடும்பங்களில் எந்தக் காரணமும் கண்டுபிடிக்க முடிவதில்லை. நிலாவும் சூரியனும் இதில் இல்லை. கணவர்கள் யாராவது படித்தால் உங்களுக்குத்தான் சொல்கிறேன், அந்தப் பேச்சை நிறுத்த வேண்டியவர் நீங்கள், அவள் அல்ல.

எங்கே போவது, எதைக் கொண்டு போவது

குழந்தைகளுக்கான நரம்பியல் அறுவை சிகிச்சையும், பச்சிளங்குழந்தை ஐசியூவும், குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகியவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடமாகப் பாருங்கள். தமிழ்நாட்டில் சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை, வேலூர் சிஎம்சி போன்ற இடங்களின் பெயர்கள் உடனே நினைவுக்கு வரும். பெரிய அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் நரம்பியல் அறுவைப் பிரிவு உண்டு. கிளம்பும் முன் போன் செய்து படுக்கை இருக்கிறதா என்று உங்கள் டாக்டரையே கேட்கச் சொல்லுங்கள். இது ஐந்து நிமிட வேலை, செய்யாவிட்டால் ஒரு ராத்திரி வீணாகும்.

கையில் இருக்க வேண்டியவை: பிறப்புக் குறிப்பு, எடை, வைட்டமின் கே ஊசி போட்டார்களா என்ற விவரம் (ஆபரேஷனுக்கு முன் கட்டாயம் கேட்பார்கள்), தாயின் ரத்த வகை, கர்ப்பகால ஸ்கேன்கள், காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, பெற்றோர் இருவரின் ஆதார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆஸ்பத்திரியில் தனி மேஜை இருக்கும், சேர்ந்த அன்றே அங்கே போய் நில்லுங்கள். 2013 முதல் நடக்கும் மத்திய அரசின் ஆர்பிஎஸ்கே என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில் பிறவிக் குறைகளின் பட்டியலில் நரம்புக்குழாய்க் குறைபாடும், அதாவது இந்தக் குறையும், இருக்கிறது. மாவட்டத்தில் இருக்கும் ஆரம்ப இடையீட்டு மையத்தில் பதிந்துகொண்டால் பிசியோதெரபிக்கும் வழி கிடைக்கும். சிசேரியன் ஆன அம்மா கூடவே போக முடியாது. அவரிடமிருந்து தாய்ப்பாலைப் பீய்ச்சி அனுப்புங்கள், இந்தக் குழந்தைகளுக்குத் தாய்ப்பால் கொடுப்பதில் எந்தத் தடையும் இல்லை.

இன்னொன்று, ரப்பர். இந்தக் குழந்தைகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகச் சிகிச்சை நடப்பதால் லேடெக்ஸ் ஒவ்வாமை மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது, சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு. முதல் நாளிலிருந்தே லேடெக்ஸ் இல்லாத கையுறை, கதீட்டர், பால் நிப்பிள் என்று கேளுங்கள். பிறந்தநாள் பலூனும் இதில் சேர்த்திதான்.

ஆபரேஷனில் என்ன நடக்கிறது

பிறந்து 48 மணி நேரத்துக்குள், தாமதமானாலும் 72 மணி நேரத்துக்குள் மூடிவிடப் பார்ப்பார்கள். திறந்து கிடக்கும் ஒவ்வொரு நாளும் மூளைக்காய்ச்சல் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. தாமதமானால் ஆன்டிபயாடிக் ஓடும். அதற்கு முன் குழந்தையின் கால் எந்த அளவுக்கு அசைகிறது, ஆசனவாய் சுருங்குகிறதா, தலைச் சுற்றளவு எவ்வளவு என்று பார்த்து எழுதுவார்கள். அந்தத் தாளை நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதில் "முன்பு இப்படி இல்லையே" என்று ஒரு சந்தேகம் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் இருக்கும்.

குப்புறப் படுக்க வைத்து, மைக்ரோஸ்கோப்பு வழியே பார்த்து, தட்டையாகக் கிடக்கும் நரம்புத் தகட்டைச் சுற்றியிருக்கும் தோலிலிருந்து பிரிக்கிறார்கள். ஒரு துளித் தோல்கூட அதோடு ஒட்டியிருக்கக்கூடாது, இருந்தால் பிற்காலத்தில் அது உள்ளேயே வளர்ந்து கட்டியாகும். பிறகு தகட்டின் ஓரங்களைச் சேர்த்துக் குழாய் போல் தைத்து உள்ளே இறக்கி, அதைச் சுற்றும் டியூரா என்ற உறையை நீர் கசியாதபடி மூடி, அதற்கு மேல் தசைப் படலம், கடைசியில் தோல். ஓட்டை பெரிதாக இருந்தால் பக்கத்துத் தோலை நகர்த்தி மூட பிளாஸ்டிக் சர்ஜனும் வருவார்.

இந்த ஆபரேஷன் காலுக்கு உயிர் கொடுப்பதில்லை. டாக்டரிடம் இதைக் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது, அப்படியானால் எதற்கு என்று. தொற்று உள்ளே போகாமல் தடுப்பதற்கும், மிச்சமிருக்கும் நரம்பு கெடாமல் காப்பாற்றுவதற்கும். போன நரம்பு கருப்பைக்குள்ளேயே போய்விட்டது. எந்த இடத்தில் திறந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் நடை அமையும்: இடுப்புக்குக் கீழே, திரிகப் பகுதியில் என்றால் பெரும்பாலும் நடப்பார்கள், இடுப்பு நடுவில் என்றால் காலிப்பரும் (காலைத் தாங்கும் பட்டை) ஊன்றுகோலும் தேவைப்படும், மார்புப் பகுதியில் என்றால் சக்கர நாற்காலிதான் வாழ்க்கையை எளிதாக்கும். பெரும்பாலான குழந்தைகளின் அறிவு மற்றக் குழந்தைகளைப் போலத்தான் இருக்கும்.

கர்ப்பத்திலேயே தெரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் அனாமலி ஸ்கேனில் தலை எலுமிச்சை வடிவிலும் சிறுமூளை வாழைப்பழம் போல வளைந்தும் தெரிந்தால் முதுகைத் தேடிப் பார்ப்பார்கள், அந்தப் பெயர்களைத்தான் உலகம் முழுக்க டாக்டர்கள் சொல்கிறார்கள். கருப்பைக்குள்ளேயே மூடும் அறுவையும் இருக்கிறது. அமெரிக்காவில் நடந்த மாம்ஸ் ஆய்வு 2011-ல் வெளியானது. 26 வாரத்துக்கு முன் கருவிலேயே மூடிய குழந்தைகளில் ஒரு வயதுக்குள் 40 சதவீதத்துக்குத்தான் ஷன்ட் (தலையில் தேங்கும் நீரை வடிக்கும் குழாய், பின்னால் சொல்கிறேன்) தேவைப்பட்டது, பிறந்த பின் மூடியவர்களில் 82 சதவீதம். இரண்டரை வயதில் துணையில்லாமல் நடந்தவர்கள் கருவிலேயே மூடியவர்களில் 42 சதவீதம், பிறந்த பின் மூடியவர்களில் 21 சதவீதம். ஆனால் குறைமாதப் பிரசவமும், தாயின் கருப்பையில் வடு பலவீனமாவதும் அதற்குக் கொடுக்க வேண்டிய விலை. மிகச் சில இடங்களில் மட்டும் செய்கிறார்கள்.

பிறந்த பின் செய்யும் ஆபரேஷன் முடிந்த பிறகு சில நாட்கள் குழந்தை குப்புறவே இருக்கும். ஆசனவாய்க்கும் தையலுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தாளைத் திரை மாதிரி ஒட்டுவார்கள், மலம் மேலே போகாமல் இருக்க. அது பிரிந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள், கூச்சப்பட வேண்டாம். தையலிலிருந்து தண்ணீர் மாதிரித் தெளிவாகக் கசிந்தால் அது வியர்வை இல்லை, தண்டுவட நீர். உடனே காட்ட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் தூளியில் போடுவது, பாட்டி காலில் கிடத்தித் தேய்த்துக் குளிப்பாட்டுவது, முதுகில் எண்ணெய் நீவுவது எல்லாம் டாக்டர் சொல்லும்வரை நிற்கட்டும். தூளி வளைவில் முழு எடையும் முதுகில்தான் விழும்.

தலை

தினமும் ஒரே நேரத்தில், ஒரே டேப்பால், புருவத்துக்கு மேலிருந்து பின்மண்டையின் துருத்திய இடம் வரை சுற்றி அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். மைலோமெனிங்கோசீல் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு மூளையின் கீழ்ப்பகுதி கழுத்துக்குள் இறங்கியிருக்கும், கியாரி 2 என்பார்கள். அதனால் நீர் போகும் வழி தடைப்பட்டுத் தலையில் தேங்கும். முதுகை மூடியதும், அதுவரை அந்த ஓட்டை வழியாக வடிந்துகொண்டிருந்த நீருக்கும் வழி இல்லாமல் போவதால், சில நாளிலேயே தலை வேகமாகப் பெரிதாகலாம். அப்போது ஷன்ட் வைப்பார்கள்: மூளையிலிருந்து தோலுக்கடியில் வயிறு வரை ஓடும் மெல்லிய குழாய், நடுவில் ஒரு வால்வு. அந்த வால்வுக்குப் பின்னால் ஓர் அப்பா இருக்கிறார். ஜான் ஹோல்டர், அமெரிக்காவில் பூட்டுக் கம்பெனியில் வேலை செய்த டெக்னீஷியன். 1955-ல் அவருடைய மகன் கேஸி இதே குறையோடு பிறந்தான். அப்போதிருந்த வால்வுகள் அடைத்துக்கொண்டே இருப்பதைப் பார்த்து, டாக்டர் யூஜின் ஸ்பிட்ஸோடு சேர்ந்து 1956-ல் சிலிக்கோன் வால்வு ஒன்றைச் செய்தார். ராத்திரி தூக்கம் வராமல் மகளின் காதுக்குப் பின்னால் அந்தச் சின்ன மேட்டைத் தொட்டுப் பார்க்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

ஷன்ட் என்பது வைத்துவிட்டு மறந்துவிடக்கூடிய பொருள் இல்லை. அடைக்கும், தொற்று பிடிக்கும், முதல் வருஷத்தில் அது இன்னும் அதிகம். உச்சிக்குழி புடைத்து இறுகி இருப்பது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், கண்விழி கீழே இறங்கி மேலே வெள்ளை மட்டும் தெரிவது, வலிப்பு, குழாய் போகும் வழியில் சிவப்பு, காரணமில்லாத காய்ச்சல்: இதில் எது வந்தாலும் பக்கத்துக் கிளினிக்கில் வாந்திக்கு மருந்து வாங்கிக்கொண்டு காத்திருக்காதீர்கள், ஷன்ட் வைத்த இடத்துக்கு அன்றே போங்கள். குழந்தை மூச்சை இழுக்கும்போது கரகரவென்று சத்தம் வந்தாலோ பால் குடிக்கும்போது அடிக்கடி புரையேறினாலோ அது கியாரியின் அறிகுறியாக இருக்கலாம், அதுவும் அவசரம்தான். குழாய் இல்லாமல் எண்டோஸ்கோப் வழியே உள்ளேயே நீருக்கு வழி செய்யும் முறையும் உண்டு. உகாண்டாவின் எம்பாலே நகரில் டாக்டர் பெஞ்சமின் வார்ஃப் அதைக் குழந்தைகளுக்கு ஏற்றபடி வளர்த்தெடுத்தார், ஷன்ட் அடைத்தால் ஓடிவர ஆஸ்பத்திரி பக்கத்தில் இல்லாத கிராமத்துக் குழந்தைகளுக்காக. உங்கள் ஊர் தூரமென்றால் இதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

சிறுநீரகம், எல்லாரும் கடைசியில் நினைப்பது

முதுகையும் தலையையும் டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். நம் கையில் விடப்படுவது சிறுநீர்ப்பை. பிற்காலத்தில் இந்தப் பிள்ளைகளின் உயிருக்கே ஆபத்தாக வருவது பல நேரம் கால் இல்லை, சிறுநீரகம். டயப்பர் நனைகிறது என்பதால் சிறுநீர் சரியாகப் போகிறது என்று நினைத்துவிடுகிறோம். நானும் மூன்று மாதம் அப்படித்தான் நினைத்தேன். நரம்பு வேலை செய்யாத பை நிரம்பி வழிவதுதான் அது, உள்ளே பாதி அப்படியே தங்கி, அழுத்தம் ஏறி, சிறுநீர் மேல்நோக்கிச் சிறுநீரகத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது.

முதல் மாதத்துக்குள் சிறுநீரக ஸ்கேன் எடுத்து, குழந்தைகளுக்கான சிறுநீரக அறுவை நிபுணரைப் பாருங்கள். பிறகு யூரோடைனமிக்ஸ் என்ற பரிசோதனையில் பையின் அழுத்தத்தை அளப்பார்கள். தேவைப்பட்டால் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய கதீட்டர் விட்டுக் காலி செய்யச் சொல்வார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜாக் லாபிடஸ் 1972-ல் காட்டிய முறை இது. ஸ்டெரைலாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, சுத்தமாக இருந்தால் போதும், முழுக்கக் காலியாவதுதான் முக்கியம் என்றார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, குழந்தையைத் துடைத்து, கதீட்டரில் ஜெல் தடவி மெதுவாக விட்டு, சிறுநீர் நின்ற பின் அடிவயிற்றை லேசாக அழுத்தி, வெளியே இழுக்கும்போது இன்னும் கொஞ்சம் வருகிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். முதல் தடவை கை நடுங்கும். பத்தாவது தடவை டிபன் பாக்ஸ் கட்டுகிற மாதிரி ஆகிவிடும். நர்ஸ் முன்னால் குறைந்தது மூன்று முறை நீங்களே செய்து பார்க்காமல் டிஸ்சார்ஜ் ஆகாதீர்கள், அப்பாவும் கற்றுக்கொள்ளட்டும். மலச்சிக்கலையும் விடாதீர்கள், குடல் நிரம்பினால் பையையும் அழுத்தும், தொற்றும் கூடும்.

கால்

வளைந்த பாதத்தை முதல் வாரங்களிலேயே பொன்செட்டி முறையில் மாவுக்கட்டு போட்டு நேராக்கலாம். உணர்வில்லாத பாதம்தான் கவனிக்க வேண்டியது. வெயிலில் கொதிக்கும் கோயில் பிரகாரம், பைக் சைலன்சர், வெந்நீர் வாளி, எதுவும் அவர்களுக்குச் சுடாது, தோல் மட்டும் வெந்துபோகும். ராத்திரி படுக்கும் முன் இரண்டு பாதத்தையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். வெந்நீரை உங்கள் முழங்கையால் தொட்டுப் பார்த்து ஊற்றுங்கள்.

வளரும் வயதில் நடை மோசமானாலோ, முதுகு வலித்தாலோ, முதுகுத்தண்டு வளைந்தாலோ, இதுவரை காய்ந்திருந்த டயப்பர் திடீரென்று நனைய ஆரம்பித்தாலோ, தண்டுவடம் வடுவில் ஒட்டிக்கொண்டு இழுபடுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். எம்ஆர்ஐயில் ஏறத்தாழ எல்லாக் குழந்தைக்கும் ஒட்டியிருப்பது போலத்தான் தெரியும். அறிகுறி வந்தால்தான் மறுபடி ஆபரேஷன், படத்தை வைத்து மட்டும் இல்லை.

மூடிய வகை என்றேனே, அது இங்கே வருகிறது. முதுகின் நடுக்கோட்டில் முடிக்கற்றை, மெத்தென்ற கொழுப்புக் கட்டி, சிவந்த மச்சம், ஆசனவாயிலிருந்து இரண்டரை சென்டிமீட்டருக்கு மேலே இருக்கும் குழி, இதில் ஒன்று இருந்தாலும் அழகு மச்சம் என்று விட்டுவிடாதீர்கள். முதல் மூன்று மாதத்துக்குள் என்றால் எலும்பு இறுகாததால் அல்ட்ராசவுண்டிலேயே பார்க்கலாம், பிறகு எம்ஆர்ஐ வேண்டும். குழிக்குள் குச்சியோ பஞ்சோ விட்டுச் சுத்தம் செய்யக்கூடாது, சில குழிகள் நேரே தண்டுவடம் வரை போகும்.

அடுத்த குழந்தை

ஒரு குழந்தைக்கு இப்படி இருந்தால் அடுத்ததற்கு வரும் வாய்ப்பு நூற்றில் 2 முதல் 5 வரை. 1991-ல் லான்செட்டில் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், தினமும் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே எடுத்தவர்களுக்கு இது 72 சதவீதம் குறைந்தது. நம் ஊரில் 5 மில்லிகிராம் மாத்திரையாகக் கிடைக்கிறது. திட்டமிடும்போதே டாக்டரிடம் கேட்டு ஆரம்பித்து, 12 வாரம் வரை எடுங்கள். தங்கை, நாத்தனார், கல்யாணமாகப் போகிற மகள் என்று மற்றப் பெண்களுக்குத் தினம் 400 மைக்ரோகிராம் போதும், அதுவும் முன்பே தொடங்க வேண்டும். நாள் தள்ளிப்போய், ஸ்கேன் எடுத்து, முதல் செக்கப்பில் மாத்திரை வாங்கும்போது அந்த 28 நாள் தாண்டியிருக்கும்.

பள்ளிக்கூடம்

மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை முன்பே எடுத்து வையுங்கள். பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்த்தது ரிசல்ட்டை இல்லை, கழிவறையை. உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீரும் சோப்பும் இருக்கிறதா, உட்காரும் கோப்பை இருக்கிறதா, தரைத்தளத்தில் இருக்கிறதா. ஆறு ஏழு வயதில் பல குழந்தைகள் கதீட்டரைத் தாங்களே விடக் கற்றுக்கொள்கிறார்கள், பெண் குழந்தைக்கு முதலில் ஒரு சின்னக் கண்ணாடி உதவும். என் மகள் ஏழு வயதில் கற்றாள். பென்சில் டப்பா மாதிரி ஒரு ஜிப் பையில் இரண்டு கதீட்டர், ஜெல், ஈரத் துணி, மாற்று உள்ளாடை, என் போன் நம்பர் எழுதிய அட்டை. அட்டையின் பின்பக்கம் "ஷன்ட் உண்டு, லேடெக்ஸ் ஒவ்வாமை எச்சரிக்கை" என்று சிவப்பில் எழுதியிருக்கிறது. பதினோரு மணிக்கும் இரண்டு மணிக்கும் கேட்காமலே வெளியே போக அனுமதி வேண்டும் என்று சேர்க்கும் அன்றே தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். வகுப்பு ஆசிரியை மாறும் ஒவ்வொரு ஜூனிலும் அதே கடிதத்தின் இன்னொரு நகல்.